கம்பியை எண்ணிப் பார்த்த குடும்பம்

மயிலம் பக்கத்துக் காலனி ஒன்றில் ஒரு தொகுப்பு வீட்டின் தளத்தை இடித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள். இதில் என்ன செய்தி இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. மாடிமேல் மாடி எழும்புகிற காலத்தில், இருநூற்றுச் சொச்சம் சதுர அடி வீட்டுக்குத் தளம் போடுவது பத்திரிகையில் எழுதுகிற சங்கதியா? எழுத வேண்டிய சங்கதிதான் என்று பட்டதால், ஆவணிக் கடைசியிலிருந்து ஐந்து முறை அந்த வீட்டுக்குப் போய் வந்தோம்.

வீட்டுக்காரர் கொத்தனார். ஐம்பதைத் தாண்டியவர். பதினாறு வயதில் சித்தாள் வேலைக்குப் போய், கரண்டி பிடித்து, புதுச்சேரி, சென்னை, பெங்களூரு என்று போகாத ஊர் இல்லை. எத்தனை வீட்டுக்குத் தளம் போட்டிருப்பீர்கள் என்று கேட்டால் சிரிக்கிறார். கணக்கு வைக்கவில்லை. ஆனால் அவர் பிள்ளை குட்டிகளோடு படுத்தெழுந்த வீட்டின் தளத்தை அவர் போடவில்லை. 1995இல் ஒரு கான்ட்ராக்டர் போட்டது அது. அப்போது இவருக்கு இருபத்திரண்டு வயது. இதே வேலையைத் தெரிந்தவராக, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

அந்த வீடு இவருடைய அம்மாவின் பெயரில் வந்தது. காலனியே ‘ஆயா’ என்று கூப்பிடும் அந்த மூதாட்டிதான் எங்களுக்கு அன்றைய கதையைச் சொன்னார்.

“தண்ணி சொமந்தது நாங்க, மண்ணு சொமந்தது நாங்க. கூலி கெடையாது, உங்க ஊடுதானேன்னுட்டாங்க. சிமிட்டி மூட்டை எத்தினி வந்துது, எத்தினி திரும்பிப் போச்சுன்னு யாரு கண்டா? கேட்டா, ‘ஓசியில வர்ற ஊட்டுக்கு உனக்குக் கேள்வி வேறயா’ன்னான். அதோட வாயை மூடிக்கிட்டோம்யா.”

இந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓசி வீடு. இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985–86இல், ஊரக வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றின் பகுதியாகத் தொடங்கியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகவே அது வந்தது. 1993–94க்குப் பிறகுதான் மற்ற ஏழைகளுக்கும் விரிந்தது. 1996இல் தனித் திட்டமானபோதும் நிதியில் பெரும்பகுதி தலித், பழங்குடி மக்களுக்கென்றே வைக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளில் ஒன்று மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது: வீட்டைப் பயனாளியே கட்ட வேண்டும், கான்ட்ராக்டரை நுழைய விடக் கூடாது. எழுத்தில் அப்படித்தான் இருந்தது. நம் ஊர்ப் பக்கம் எத்தனை காலனிகளில் அது நடந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். “எங்களாலே கட்டிக்க முடியாதுன்னு கையெழுத்து வாங்கிக்கினாங்க” என்றார் ஆயா. கொத்தனாரும் சித்தாளும் நிரம்பிய தெருவில், கட்டத் தெரியாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள்!

முப்பது ஆண்டில் அந்தத் தளம் என்ன ஆனது என்பதை விவரிக்கத் தேவையில்லை. தொகுப்பு வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். முதலில் கூரையில் துருக்கறை தெரியும், பிறகு கோடு கோடாக வெடிப்பு. அப்புறம் ஒருநாள் ராத்திரி பொத்தென்று ஒரு பாளம் விழும். தொட்டிலை எந்தப் பக்கம் கட்டலாம், பாயை எந்தப் பக்கம் விரிக்கலாம் என்று கூரையைப் பார்த்து முடிவு செய்கிற வாழ்க்கை அது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டரை ஒட்டிய மழை. அன்றைக்கு இந்த வீட்டில் ஐந்து பேரும் நின்றபடியே விடிய வைத்திருக்கிறார்கள். மேலே பார்த்துக்கொண்டே நின்றோம் என்றார் வீட்டம்மா. 2019 டிசம்பர் 2 விடியற்காலை மேட்டுப்பாளையம் நடூரில் பெரிய வீட்டுச் சுற்றுச்சுவர் சரிந்து, தூக்கத்திலேயே பதினேழு பேர் செத்தார்களே, அந்த நினைப்பு இந்த மாவட்டத்துக் காலனிகளிலும் ஒவ்வொரு அடைமழைக்கும் வந்து போகிறது.

தளம் ஏன் இப்படி உதிர்கிறது? இதைக் கொத்தனாரே எங்களுக்குப் பாடமாக எடுத்தார். கான்கிரீட்டுக்குள் கம்பி முழுக்க மூடியிருக்கும்வரை அது துருப்பிடிக்காது. கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் இருக்க வேண்டும். அதற்காகத்தான் கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி வைக்கச் சின்னச் சின்னக் கவர் கட்டைகளை வைப்பார்கள். அதை வைக்காமல் பலகைமேலேயே கம்பியைப் போட்டுக் கலவையைக் கொட்டினால், கீழ்ப்பக்கம் பெயருக்கு ஒரு பூச்சுதான் நிற்கும். ஈரம் போகும், காற்று போகும், கம்பி துருப்பிடிக்கும். துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும் பொருள். உள்ளே வீங்கி, வெளியே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளிவிடும். விழுகிற பாளத்துக்குக் காரணம் இவ்வளவுதான். மழையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

தமிழக அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 2000–01க்கு முன் கட்டிய ஊரக வீடுகளில் இரண்டரை லட்சம் வீடுகளை இரண்டு ஆண்டுகளில் 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்ப்பதாக 2024இல் அறிவித்தது. பழுதுபார்க்கவே முடியாத வீடுகளுக்காக, 2025–26 வரவு செலவுத் திட்டத்தில் முதல்வரின் வீடுகள் மறுகட்டுமானத் திட்டம் வந்தது. 25,000 வீடுகள், 600 கோடி. அதாவது வீட்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் எந்த வீடு எந்தப் பட்டியலில் சேரும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை முடிவு செய்பவர் வீட்டுக்குள் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதிலும் இருக்கிறது.

இந்த வீட்டுக்கு வந்தவர் கீழே நின்று நாலு படம் எடுத்தார், சிறு பழுது என்று எழுதினார், போய்விட்டார். சிறு பழுது என்றால் உதிர்ந்த இடத்தைச் சுரண்டி, கலவை வைத்துப் பூசி, வெள்ளை அடிப்பது. வீட்டில் அன்றைக்கு ஒரு பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. வர்றதை வாங்கிப் பூசிக்கலாம், மழைக்கு முன்னே முடிஞ்சிடும் என்பது வீட்டம்மாவின் கட்சி. கொத்தனார் ஒரு சுத்தியலை எடுத்து, தளத்தை அடியிலிருந்து ஒவ்வோர் அடியாகத் தட்டிக் காட்டினார். நல்ல கான்கிரீட் ‘டங்’ என்று பதில் சொல்லும். இங்கே முக்கால்வாசி இடத்தில் வெற்றுப் பானை மாதிரிச் சத்தம்.

“இதும்மேல பூசினா, பூசினதும் சேர்ந்து விழும். ஊருக்கெல்லாம் ஒழுங்கா செஞ்சிட்டு, எங்க ஆத்தா தலைமேல பொய்யா பூசச் சொல்றியா?” என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது வீட்டம்மாவுக்குக் கண் கலங்கியது. அவருடைய பயமும் நியாயமான பயம். நாமே தளத்தை இடித்துவிட்டால், நாளைக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் வராமல் போய்விட்டால்?

மறுகட்டுமானத்துக்கு மாற்றச் சொல்லி யூனியன் ஆபீசில் மனு கொடுத்தார்கள். ரசீது வாங்கினார்கள். பதில் வரும் என்று ஆடி முழுக்க இருந்தார்கள். ஐப்பசி மழை பதிலுக்குக் காத்திருக்காது. மகளிர் குழுவில் 60,000 கடன், மகன் அனுப்பிய 25,000, கம்மல் ஒன்று அடகு. ஆவணிக் கடைசியில் வேலை தொடங்கியது. இது சரியான முடிவா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. அரசு செய்ய வேண்டியதை மக்களே செய்துகொண்டால் அரசு நழுவிவிடும் என்றார் எங்களோடு வந்த தோழர். பேச்சாக அது சரிதான். அந்தத் தளத்துக்குக் கீழே ஒரு மழைக்காலம் படுத்துப் பார்த்தால் அவரும் வேறு பேசுவார்.

மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு நாளும் என்ன வேலை, யார் வந்தார்கள், என்ன சாமான் வந்தது, எவ்வளவு மிச்சம், எல்லாம் அதில் இருக்கிறது. சிமென்ட் மூட்டை வந்து இறங்கினால் எண்ணிக்கையோடு தயாரிப்பு வாரத்தையும் பார்த்து எழுதுகிறாள். பழைய மூட்டை என்றால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். ஷிப்ட் முடிந்ததும் தங்கையிடமிருந்து படம் வந்தாக வேண்டும். வராவிட்டால் போன் வரும். “அந்த மூலையில கம்பி கட்டியாச்சா? கிட்டப் போய் எடும்மா” என்று அங்கிருந்தே மேஸ்திரி வேலை. ஆயாவின் பங்கு வேறு. எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, யார் எத்தனை பாண்டு ஜல்லி போடுகிறார்கள் என்று எண்ணுவது. முப்பது வருஷத்துக்கு முன்னால் எண்ண விடாததை இப்போது எண்ணுகிறாரோ என்னவோ, எங்களிடம் பேசும்போதுகூடக் கணக்கு தவறவில்லை.

பழைய தளத்தை உடைத்த மூன்றாம் நாள் நாங்கள் அங்கே இருந்தோம். இரண்டு சுவருக்கு நடுவே ஆறு மில்லிமீட்டர் கம்பிகள், நூல் மாதிரித் தேய்ந்துபோய்க் கிடந்தன. கொத்தனார் ஒரு குச்சியை அளவு வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். அவர் கணக்குப்படி இருக்க வேண்டியதில் பாதிக்கும் குறைவு. அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே ஓர் அடிக்கு மேல் இடைவெளி. கிழக்கு மூலையில் மூன்று கம்பிகள் சுவர்மேல் ஏறவே இல்லை. ஒரு சாண் முன்னாலேயே முடிந்துவிட்டன. கருங்கல் ஜல்லியோடு செங்கல் துண்டும் கலந்திருந்தது. தெருவே வந்து பார்த்தது. யாரும் சத்தம் போடவில்லை. எல்லாருக்கும் ஒரே நினைப்புதான்: நம் வீட்டிலும் இதேதான். ஒரே கான்ட்ராக்டர், ஒரே ஆண்டு, ஒரே அளவு. கொத்தனார் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “இது இத்தினி வருஷம் நின்னதே பெருசு. மேல ஒரு பொங்கப்பானை வெச்சிருந்தாகூடத் தெரிஞ்சிருக்கும்.”

மகள் எல்லாவற்றையும் படம் எடுத்தாள். கம்பிக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, தேதி எழுதிய தாளையும் வைத்து எடுத்தாள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல அது.

புதிய தளத்துக்கு 10 மில்லிமீட்டரும் 8 மில்லிமீட்டரும் கலந்து கம்பி, இருபத்திரண்டு மூட்டை சிமென்ட். தளம் போட்ட அன்று கூலி வாங்காமல் நான்கு கொத்தனார்கள் வந்தார்கள். நாளைக்கு அவர்கள் வீட்டு வேலைக்கு இவர் போக வேண்டும். சித்தாள்களுக்கு மட்டும் கூலி. நம் வீடுகளில் ஆண்களின் வேலைக்குக் கைமாற்று உண்டு, பெண்களின் வேலைக்கு அது இல்லாததால் கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்று வீட்டம்மா பிடிவாதமாக நின்றார். நல்ல பிடிவாதம். கலவை மெஷினில் தண்ணீர் ஊற்றும் இடத்தில் கொத்தனாரே நின்றுகொண்டார். கலவை இளகலாக இருந்தால் கொட்டுவது சுலபம், ஆனால் தளம் பலம் இழக்கும். யாரோ ஒருவர் கூடுதலாக ஒரு குடம் ஊற்றப் போனபோது திண்ணையிலிருந்து ஆயாவின் குரல் வந்தது: “போதும்டா, ரசம் வெக்கிறியா?”

கான்கிரீட் முடிந்து நாங்கள் கிளம்பும்போது வேலை முடிந்தது என்று நினைத்தோம். கொத்தனார் மறுத்தார். தளம் போடுவது ஒருநாள் வேலை, தண்ணீர் காட்டுவதுதான் வேலை என்றார். மறுநாளே மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். பத்து நாளாவது காயவிடாமல் வைக்க வேண்டும். இவர்கள் பதினான்கு நாள் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதுவரை சென்ட்ரிங்கையும் பிரிக்கப்போவதில்லை. காலனிக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். வராத நாளில் வீட்டம்மாவும் மகளும் ஊர்ப் பக்கத்து மோட்டார் கொட்டகையிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவருகிறார்கள். முதல் நாள் மோட்டார்காரர் முகம் சுளித்ததாகவும், இரண்டாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை என்றும் நோட்டில் இருக்கிறது.

காலனி என்கிற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வசைச் சொல்லாக ஆகிப்போன அந்தப் பெயர் போக வேண்டியதுதான். நாங்கள் இந்தக் கட்டுரையில் இன்னும் அதையே எழுதுகிறோம் என்றால், அங்கே இருப்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், ஊர்க்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். பெயர்ப்பலகை மாறும்போது தளமும் மாறினால் நன்றாயிருக்கும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணிக்கு வந்தபோது, அந்த நகரத்தில் அவருக்கு ஒரு வாடகை அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கினார், அங்கிருந்தும் தடியோடு வந்து துரத்தினார்கள். அதே மனிதர் 1930களின் தொடக்கத்தில் பம்பாய் தாதரில் ராஜகிருகம் என்ற வீட்டைக் கட்டினார். பெரும்பாலும் புத்தகங்களுக்காகக் கட்டிய வீடு. நம் தெருக்களில் ஒரு வீட்டைத் தன் கண்காணிப்பில், தன் கணக்கில் கட்டுவது வெறும் வசதியைப் பற்றிய விஷயமாக இல்லாமல் இருப்பதற்குப் பின்னால் இப்படி நிறைய அறைகள் மூடப்பட்ட வரலாறு இருக்கிறது.

இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அது உங்களில் பலருக்கும் இருக்கும். காலனி இருக்கிற நிலம் 1978ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி ஆதிதிராவிடர் நலத்துறை எடுத்துக் கொடுத்தது. பட்டா காகிதம் இறந்துபோன தாத்தா பெயரில், டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் வட்டாட்சியர் அலுவலகக் கணக்கில் ஏறவில்லை. கணினியில் தட்டினால் பழைய நில உரிமையாளர் பெயர்தான் வருகிறது. கொத்தனார் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர். பதிவு பெற்ற தொழிலாளி சொந்த மனையில் வீடு கட்ட அந்த வாரியம் 4 லட்சம் வரை உதவி தருகிறது. மனை யார் பெயரில் என்று கேட்டதும் அந்தக் கதவும் நின்றுவிட்டது. இப்படிப்பட்ட காகிதம் வைத்திருப்பவர்கள் ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியருக்கும் ஜமாபந்தியிலும் மனு கொடுத்துக் கணக்கில் ஏற்றக் கேட்க வேண்டும். வாரிசுச் சான்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். தெருவாகச் சேர்ந்து கொடுத்தால் ஒரு மனுவுக்கு இருக்கிற வேகம் வேறு.

நாங்கள் கடைசியாகப் போன அன்று தண்ணீர் காட்டத் தொடங்கி ஒன்பதாம் நாள். சென்ட்ரிங் முட்டுகளுக்கு நடுவே கோழிகள் நடமாடின. சன்னலுக்கு இன்னும் பணம் ஒதுங்கவில்லை. இந்த மழைக்காலத்துக்குத் தார்ப்பாய்தான். செலவு நோட்டின்படி 96,000ஐத் தாண்டியிருக்கிறது. யூனியன் ஆபீஸ் மனுவுக்குப் பதில் வரவில்லை.

அந்தத் தெருவில் மேலும் பதினோரு வீட்டார் தங்கள் தளத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லிக் கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுத்தியலோடு அவர் போகிறார், பின்னால் மகள் நோட்டோடு போகிறாள். எந்த வீட்டில் எத்தனை அடிக்கு வெற்றுச் சத்தம் என்று எழுதி, வீட்டாரிடம் கையெழுத்து வாங்குகிறாள். நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராம சபையில் அந்தப் பட்டியலையும் கம்பிப் படங்களையும் வைத்து, மறுபடி அளக்க ஆள் வர வேண்டும், வருகிறவர் தளத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் கேட்கப்போகிறார்கள். யார் எழுந்து பேசுவது என்பதில்தான் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. மகளைப் பேசச் சொல்கிறார் கொத்தனார். ஆயா தானே பேசுவதாகச் சொல்கிறார்.